நூலகம் வளர்த்த நகர சபை அங்கத்தவர்

2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி நமது நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. கண்டி மாநகர சபைக்கும் அதனைச் சூழவுள்ள பிரதேச சபைகளுக்கும் மக்கள் வாக்களித்தார்கள். 2018ஆம் ஆண்டு தெரிவான சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, பெரும்பாலான சபைகள் மக்கள் தெரிவு செய்த அங்கத்தவர் எவருமின்றி உத்தியோகத்தர்களாலேயே நடத்தப்பட்டு வந்தன. அப்படியிருந்தும், ‘எங்கள் சபை எங்கே?’ என்று கண்டித் தெருக்களில் எவரும் வருந்தியதாக நமக்கு நினைவில்லை. குப்பை வண்டி வரத் தாமதித்தபோது முணுமுணுத்தோம், குழாயில் நீர் நின்றபோது சினந்தோம், அவ்வளவே.

தேர்தல் முடிந்த வாரத்தில் ஒருநாள், நாம் கற்பிக்கும் வகுப்பில் மாணவரைப் பார்த்து, எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள் என்று வினவினோம். வைத்தியர் என்றனர் சிலர். பொறியியலாளர் என்றனர் வேறு சிலர். ஒருவன் துணிவோடு எழுந்து மந்திரியாவேன் என்றான். நகர சபை அங்கத்தவராவேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாம் அதைச் சுட்டிக்காட்டியதும் வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின், கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், கவுன்சிலர் என்றால் உண்மையில் என்ன வேலை செய்வார்?” என்று கேட்டாள்.

ஏளனமாகக் கேட்ட கேள்வியன்று அது. அவள் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, டீ. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகத்தில் பகல் முழுவதும் இருந்து குறிப்பெடுத்துச் செல்பவள். அந்த நூலகத்தை நடத்துவது கண்டி மாநகர சபை என்பது அவளுக்குத் தெரியாது. அவள் வாழும் தோட்டத்தில் நூலகமுமில்லை, வாசிகசாலையுமில்லை. அது ஏன் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியாது. நமக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது? நாம் குடியிருக்கும் வட்டாரத்துக்குத் தெரிவானவரின் பெயரைக் கேட்டிருந்தால் அன்று நாமும் விழித்திருப்போம். ஆகவே, அடுத்த வாரம் விடை சொல்கிறோம் என்று தவணை வாங்கிக்கொண்டோம். அந்த வாரத்தில் நாம் தேடிப் படித்தவற்றுள் ஒரு மனிதருடைய வரலாறு நமது மனத்தை விட்டு அகலவில்லை. அவர் கண்டியைச் சேர்ந்தவரல்லர். இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில், சம்பளம் எதுவுமின்றி, 1934 முதல் 1947 வரை நகர சபை அங்கத்தவராயிருந்தவர். பெயர் வி. கே. கிருஷ்ண மேனன்.

இருவேறு மேனன்கள்

கிருஷ்ண மேனன் என்றதும் மூத்த தலைமுறையினருக்கு நினைவுக்கு வருவது வேறொரு படம். 1957 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் காஷ்மீர்ப் பிரச்சினை குறித்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசி, களைத்து விழுந்த இந்தியப் பிரதிநிதி அவர். அதே ஆண்டில் இந்தியாவின் பாதுகாப்பு மந்திரியானார். 1962ஆம் ஆண்டுச் சீனப் போரில் ஏற்பட்ட தோல்வியின் பழியைச் சுமந்து பதவி விலகினார். கூரிய நாவும் பொறுமையற்ற சுபாவமும் உடையவர் என்றும், நண்பரையும் பகைவராக்கிக் கொள்வதில் வல்லவர் என்றும் அவரைக் குறை கூறியோர் பலர். அக்குறைகளில் உண்மையில்லை என்று நாமும் வாதாட வரவில்லை.

ஆனால், அந்த மேனனுக்கு முன்னே இன்னொரு மேனன் இருந்தார். மழை பெய்யும் மாலைகளில், கசங்கிய மேலங்கியோடு, செயின்ட் பாங்கிராஸ் நகர மண்டபத்தின் படியேறிச் சென்று, தெரு விளக்கு, குப்பை, நூலகம், பொதுக் குளியலறை முதலிய விஷயங்களைக் குறித்து விவாதித்தவர் அவர். உலகம் முன்னவரைப் பேசுகிறது. நாம் பின்னவரைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

மலையாளக் கரையிலிருந்து

மேனன் 1896ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி மலபாரில் பிறந்தார். கோழிக்கோட்டில் கற்றபின் சென்னைக்குச் சென்று, பிரசிடென்ஸி கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். சட்டக் கல்லூரியிலும் சேர்ந்தார். அந்நாளிலே சென்னை அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையாரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. நாட்டுத் தொண்டில் நாட்டங்கொண்ட இளைஞரான மேனன் அம்மையாரின் இயக்கத்திலே சேர்ந்தார். சாரணர் இயக்கத்திலும் உழைத்தார். அம்மையாரின் உதவியோடு 1924ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று போனவர், அங்கே 28 ஆண்டுகள் தங்கிவிட்டார்.

அங்கே அவர் முதலில் பார்த்த தொழில் எது தெரியுமா? ஆசிரியத் தொழில்! லெட்ச்வர்த் என்னும் ஊரிலிருந்த ஒரு பாடசாலையில் சிறிது காலம் சரித்திரம் கற்பித்தார். பின்னர் இலண்டன் பொருளியல் கல்லூரியில் பேராசிரியர் ஹரல்ட் லாஸ்கியின் மாணவரானார். 1934இல் பாரிஸ்டர் ஆனார். இதற்கிடையே இந்தியா லீக் என்னும் சங்கத்தைத் தமது கையில் எடுத்து, இந்திய விடுதலைக்காக இங்கிலாந்தின் மேடைகளிலெல்லாம் முழங்கினார். கைப்பொருள் இல்லை; உடல்நலமும் இல்லை. தேநீரும் பன்னுமே பல நாட்களில் அவருக்கு உணவு. நாற்பது கோடி மக்களின் விடுதலை என்னும் பெரும் பாரத்தைத் தோளில் சுமந்த இத்தகைய மனிதர், 1934ஆம் ஆண்டு தொழிற்கட்சியின் சார்பில் செயின்ட் பாங்கிராஸ் நகர சபைத் தேர்தலில் நின்று வென்றார்.

வாசகர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். இந்தியர் ஒருவர் இலண்டனில் எவ்வாறு அங்கத்தவரானார்? அக்காலச் சட்டப்படி பிரித்தானியச் சாம்ராஜ்யத்தின் பிரஜைகள் அனைவரும் அரசரின் பிரஜைகளே. அங்கே குடியிருந்து, வாக்காளர் பட்டியலில் இடம் பெற்றால், தேர்தலில் நிற்கவும் அவர்களுக்குத் தடையில்லை. தாதாபாய் நௌரோஜி 1892இலேயே இலண்டனில் ஒரு தொகுதியில் வென்று பார்லிமெண்டுக்குச் சென்றார். செயின்ட் பாங்கிராஸுக்கு அண்மையிலுள்ள ஃபின்ஸ்பரி என்னும் பகுதிக்கு 1938ஆம் ஆண்டு சுனி லால் கத்தியால் என்ற இந்திய வைத்தியர் நகரபிதாவானார். இந்த விபரத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் நாம் மீண்டும் இதற்கு வருவோம்.

ஒரு சபையின் அன்றாடம்

இலண்டன் என்பது அக்காலத்தில் 28 நகரப் பிரிவுகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிச் சபை. உட்தெருக்களைச் செப்பனிடுவது, விளக்கேற்றுவது, குப்பை அகற்றுவது, வீடமைப்பது, தாய் சேய் நலம் பேணுவது, குளியலறைகளும் துணி துவைக்கும் கூடங்களும் நடத்துவது, நூலகம் அமைப்பது ஆகிய யாவும் அச்சபைகளின் கடமைகள். செயின்ட் பாங்கிராஸ் அப்பிரிவுகளில் ஒன்று. யூஸ்டன், செயின்ட் பாங்கிராஸ், கிங்ஸ் கிராஸ் ஆகிய மூன்று பெரிய ரயில் நிலையங்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் புகையிலும் கரியிலும் மூழ்கிய நெரிசலான குடியிருப்புகளில் ரயில்வேத் தொழிலாளரும் கூலிகளும் வாழ்ந்தனர். கண்டி ரயில் நிலையத்தையும் குட்ஷெட் பஸ் நிலையத்தையும் சூழ்ந்த சந்தடியைப் பத்து மடங்காக்கி, அதன்மேல் கரிப்புகையைப் போர்த்திப் பார்த்தால் அவ்விடம் ஓரளவு நமது கண்முன் தோன்றும்.

சபையின் உண்மையான வேலை பெரிய மண்டபத்திலே நடைபெறுவதில்லை, குழுக்களிலேதான் நடைபெறுகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, எந்தத் தெருவுக்கு எத்தனை விளக்கு, எந்த நூலகத்துக்கு எவ்வளவு பணம் என்று கணக்குப் பார்ப்பார்கள். நூலகக் குழுவிலே பணியாற்றிய மேனன் அதன் தலைவராகவும் விளங்கினார்.

நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், நகர சபைகள் தாம் அறவிடும் வரியிலிருந்து ஒரு சிறு பங்கை நூலகத்துக்குச் செலவிட அனுமதித்தது. பவுண் ஒன்றுக்கு அரைப் பென்னி என்றிருந்த எல்லை 1855இல் ஒரு பென்னியாயிற்று. 1919ஆம் ஆண்டு அந்த எல்லையும் நீக்கப்பட்டது. அதன்பின் ஓர் ஊரில் நல்ல நூலகம் இருப்பதும் இல்லாதிருப்பதும் அவ்வூர்ச் சபையின் மனத்தைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. சபையில் ஒருவர் விடாப்பிடியாக நின்றால் நூலகம் வளரும்; எவரும் நில்லாவிட்டால் அந்தப் பணம் வேறு வழியிற் போய்விடும்.

மேனன் விடாப்பிடியாக நின்றார். தமது பகுதியில் மதுச்சாலைகள் எத்தனை உண்டோ அத்தனை நூலகங்கள் வேண்டும் என்பது அவருடைய ஆசை என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுவர். பிள்ளைகளுக்கெனத் தனிப் பகுதிகள், புத்தக விழாக்கள், நூலகத்தோடு இணைந்த கலை நிகழ்ச்சிகள் என்று அவர் தூண்டிய முயற்சிகள் பல. நூலகத்துக்கு மக்கள் வர முடியாவிட்டால் நூலகம் மக்களிடம் போகவேண்டும் என்ற எண்ணமும் அக்காலத்தில் அங்கே செயலாயிற்று. 1941ஆம் ஆண்டு, குண்டு வீச்சினால் இடிந்து கிடந்த தெருக்களினூடே செயின்ட் பாங்கிராஸ் நகர சபையின் நடமாடும் நூலக வண்டி புத்தகங்களைச் சுமந்து சென்றது. கூரையிழந்த வீட்டு வாசலில் நின்று, ஒரு மூதாட்டி நாவல் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் காட்சியை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். உயிருக்கே உத்தரவாதமில்லாத வேளையில் புத்தகம் எதற்கு என்று கேட்போரும் இருந்திருப்பார்கள். அவ்வேளையில்தான் அது மிகவும் வேண்டியிருந்தது என்பதை அந்த வண்டியே சொல்லிற்று.

1940 செப்டெம்பரில் தொடங்கி, இரவு தவறாமல் 57 நாட்கள் இலண்டன் மீது குண்டுகள் விழுந்தன. மேனன் அங்கே விமானத் தாக்குதல் காவற்றொண்டராகப் பணியாற்றினார். தமது தாய்நாட்டை அடிமையாக வைத்திருந்த அரசின் தலைநகரம் அது. பகலில் அந்த அரசுக்கு எதிராகப் பேசினார். இரவில் அந்நகரத்து ஏழைகளின் உயிரைக் காக்க விழித்திருந்தார். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. அரசு வேறு, அயல்வீட்டார் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆறு பென்ஸ் புத்தகம்

இதே எண்ணம் வேறொரு வழியிலும் வெளிப்பட்டது. பெங்குவின் நிறுவனம் 1937ஆம் ஆண்டு பெலிகன் என்னும் மலிவுப் பதிப்பு வரிசையைத் தொடங்கியபோது, அதன் முதற் பதிப்பாசிரியர்களுள் மேனனும் ஒருவர். விஞ்ஞானம், பொருளியல், வரலாறு முதலிய துறைகளில் அறிஞர் எழுதிய நூல்கள் ஆறு பென்ஸுக்கு விற்கப்பட்டன. அவ்வரிசையின் முதல் நூல் பெர்னாட்ஷா பெண்களுக்காகச் சோஷலிஸத்தை விளக்கி எழுதியது.

ஷாவின் பெயரை இங்கே குறிப்பிடுவதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. நாடக உலகின் பேரறிஞரான அவரும் 1897 முதல் 1903 வரை அதே செயின்ட் பாங்கிராஸ் உள்ளூராட்சி மன்றத்தில் அங்கத்தவராக இருந்தவர்! உலகப் புகழ் பெற்ற பின்னரும் கழிவுநீர் வாய்க்காலைப் பற்றிப் பேசியதை அவர் இழிவாகக் கருதவில்லை. 1946இல் அவருக்கு அந்நகர சபை நகர உரிமை என்னும் கௌரவத்தை வழங்கியது. அக்கௌரவத்தை அடுத்துப் பெற்றவர் கிருஷ்ண மேனன், ஆண்டு 1955. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1947இல், சுதந்திர இந்தியாவின் முதலாவது ஹைகமிஷனராக அவர் நியமிக்கப்பட்டு, நகர சபையிலிருந்து விலகியிருந்தார். பதவியிலிருக்கும்போது மாலை சூட்டுவோர் எங்கும் உண்டு. விலகிச் சென்ற அங்கத்தவரை எட்டு ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்து அழைத்தது அந்நகரம்.

1965ஆம் ஆண்டு செயின்ட் பாங்கிராஸ் அயற்பிரிவுகளோடு இணைந்து கேம்டன் என்னும் பெரிய பிரிவாயிற்று. மேனன் 1974 அக்டோபர் 6ஆம் திகதி காலமானார். இன்று செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே பிரித்தானியாவின் தேசிய நூலகம் எழுந்து நிற்கிறது. அது மேனனால் வந்ததன்று. எனினும், அவர் நூலகத்துக்காக வாதாடிய மண்ணில் அது நிற்பதை நினைக்கும்போது நமக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாகிறது.

தமிழ் நிலத்தில்

மேனன் கப்பலேறிய அதே 1924ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து இன்னொருவரும் இலண்டன் சென்றார். சீர்காழியிலே பிறந்து, பிரசிடென்ஸி கல்லூரியில் கணிதம் கற்பித்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் அவர். நூலகவியல் கற்கச் சென்ற அவர், அந்நாட்டு நகர நூலகங்கள் பலவற்றை நேரிற் கண்டு வியந்தார். திரும்பி வந்து, பொதுமக்களுக்கான நூலகம் சட்டத்தின் மூலம் நிலைபெற வேண்டும் என்று ஓயாது உழைத்தார். அதன் பயனாக 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. அப்போது கல்வி மந்திரியாயிருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்து அறவிடப்பட, தமிழ் நாட்டின் ஊர்தோறும் நூலகங்கள் முளைத்தன.

நமது நாட்டில் இதற்குச் சிறந்த சான்று யாழ்ப்பாணப் பொது நூலகம். க. மு. செல்லப்பா என்னும் அன்பரின் முயற்சியால், 1934ஆம் ஆண்டு, வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது தொடங்கிற்று. மேனன் நகர சபைக்குத் தெரிவானதும் அதே ஆண்டில்தான். பின்னர் அந்நூலகத்தை நகர சபை பொறுப்பேற்றது. அச்சபை 1949இல் மாநகர சபையாயிற்று. இரங்கநாதனின் ஆலோசனையும் பெற்றுக் கட்டப்பட்ட அழகிய மண்டபம் 1959இல் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு அது தீக்கிரையானபோது அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. எரிந்ததைச் சொல்லி நாம் கண்ணீர் வடிக்கிறோம், அது தகும். ஆனால், 844ஐ 97,000 ஆக்கிய சபை அங்கத்தவர்களையும் நூலகர்களையும் நாம் நினைப்பதில்லை, அது தகாது.

கண்டியும் மலைச்சரிவும்

இனிக் கண்டிக்கு வருவோம். 1865ஆம் ஆண்டு மாநகர சபைச் சட்டம் பிறந்தபோது, கொழும்போடு சேர்த்து முதலிலேயே சபை பெற்ற நகரம் கண்டி. இச்சபைகளிலிருந்து எத்தனையோ பேர் உயர்ந்த பதவிகளுக்குச் சென்றிருக்கிறார்கள். கண்டி நகரபிதாவாயிருந்த ஈ. எல். சேனாநாயக்க 1983 முதல் 1988 வரை பார்லிமெண்டின் சபாநாயகராக வீற்றிருந்தார். கொழும்பிலே 1937ஆம் ஆண்டு முதல் நகரபிதாவாகத் தெரிவானவர் இரத்தினசோதி சரவணமுத்து என்னும் தமிழ் வைத்தியர். ஏரிக்கரையில் மாலையில் உலாவும் நாம், கையில் புத்தகத்தோடு நூலகத்துக்குப் போகும் நாம், அந்த நூற்றாண்டுப் பழைமையான நிழலிலேதான் வாழ்கிறோம்.

ஆனால், நகரின் எல்லையைக் கடந்து, ஹந்தானை மலைமீதோ, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கமோ சென்றால் காட்சி மாறுகிறது. அங்கே தேயிலைச் சரிவுகளும், வரிசை வரிசையான லயங்களும் உள்ளன. அங்குள்ளோருக்குச் சபை என்பது நெடுங்காலம் பிறருடைய சொத்தாகவே இருந்தது. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்குரிமை அளிக்கப்படவில்லை.

இப்பொழுது, முன்னே மனத்தில் இருத்தும்படி சொன்ன விபரத்தை நினைவுகூருங்கள். மலபாரில் பிறந்து, இலண்டனில் பத்தாண்டு வாழ்ந்த ஒருவர் அந்நகரின் சபையில் அமர்ந்து நூலகத்துக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அதே ஆண்டுகளில், கண்டிச் சீமையில் தலைமுறை தலைமுறையாகக் காடழித்துத் தேயிலை நட்ட மக்கள், தமது லயத்துக்குப் பக்கத்துக் கிராமச் சபையில் ஒரு வாக்குக்கும் உரிமையற்றிருந்தனர். மேனன் சபையை விட்டு விலகிய மறுவருடம், 1948இல், நமது நாட்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவர்களாக்கிற்று. 1949இல் பார்லிமெண்ட் வாக்குரிமையும் போயிற்று. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், பின்வந்த சட்டங்கள், 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் என்று நீண்ட வழியைக் கடந்தே அந்த அநீதி தீர்ந்தது.

வாக்கு வந்தது, வழி வந்ததா? அதுவும் உடனே வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்றிருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கு அது தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த அங்கத்தவர், அதே மக்களின் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு வண்டிக் கல் கொட்டவும் தடுமாறினார். 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே அத்தடையை நீக்கிற்று. அதாவது, தோட்டத்தில் ஒரு வாசிகசாலை ஏன் இல்லை என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுக்கு மேலாக ஒரு விடை இருந்தது: சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2018க்குப் பின்னர் அந்த விடை செல்லாது.

விடை

தவணை முடிந்தது. அடுத்த வாரம் வகுப்பில் இக்கதையை மாணவருக்குச் சொன்னோம். கவுன்சிலர் என்பவர் விளக்குக்கும் வாய்க்காலுக்கும் மட்டும் உரியவரல்லர்; ஊராரின் பணத்தில் ஒரு சிறு பங்கு எங்கே செல்லவேண்டும் என்று தீர்மானிப்பவர்; அந்தப் பங்கு புத்தகத்துக்குச் செல்லவேண்டும் என்று ஒருவர் பதின்மூன்று ஆண்டு வாதாடினால் ஓர் ஊரின் பிள்ளைகள் படிப்பார்கள்; இதுவே நமது விடை என்றோம். மந்திரியாவேன் என்று சொன்ன மாணவன், “அவரும் பிறகு மந்திரியானார்தானே, சேர்!” என்றான். உண்மைதான் என்று ஒப்புக்கொண்டோம். ஆனால், பாதுகாப்பு மந்திரியாக இருந்த ஆண்டுகளைப் பற்றி இன்றும் வழக்காடுகிறார்கள். நூலகக் குழுவில் இருந்த ஆண்டுகளைப் பற்றி வழக்கில்லை என்பதையும் அவனுக்குச் சொன்னோம்.

கலஹா மாணவி மட்டும் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு, “அப்படியானால் இப்போது நாங்களும் கேட்கலாமா, சேர்?” என்றாள். அவளுடைய பாட்டியார் நாடற்றவராக இருந்தவர். தந்தையார் வாக்களிக்கும்போதெல்லாம், எதற்கென்று தெரியாமலே வாக்களித்து வந்தவர். குடும்பத்தில் சபையிடம் ஒன்றைக் கேட்கலாம் என்று நினைத்த முதல் ஆள் அவள்தான்.

கேட்கலாம் என்றோம். அவ்வாரமே, அவளும் அயல் தோட்டங்களிலிருந்து வரும் நான்கு தோழியரும் சேர்ந்து தமது பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். பெரிய கட்டடம் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் நிலையத்தில் ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு மின்விளக்கு, ஒரு தமிழ்ப் பத்திரிகை, தொடக்கத்தில் நூறு புத்தகம், இவ்வளவே. அவர்கள் எழுதியதை நம்மிடம் காட்டினார்கள். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினோம், வேறொன்றும் தொடவில்லை. யாழ்ப்பாணம் 844இல் தொடங்கியதைச் சொல்லியிருந்தோமே, நூறு குறைவல்லவா என்று கேட்டோம். “முதலில் அறை வரட்டும் சேர்” என்றாள் அவள்.

இதை வாசிக்கும் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்து அங்கத்தவரின் பெயரை இன்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடி அறியுங்கள். பின்பு அவரிடம் சென்று, பாதையையும் விளக்கையும் கேட்கும்போது, ஒரு வாசிகசாலையையும் சேர்த்துக் கேளுங்கள். ஒருமுறை கேட்டு விட்டுவிடாதீர்கள். அவர் மறந்தால் மீண்டும் செல்லுங்கள். செயின்ட் பாங்கிராஸில் அந்தப் பணி பதின்மூன்று ஆண்டு நடந்தது. அதுவும் சம்பளமில்லாமல், மழை மாலைகளில்.

விண்ணப்பத்துக்கு மறுமொழி இன்னும் வரவில்லை. மாணவிகள் இரண்டாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.